ஓய்வுக்குப் பின் தேதிகளை யார் நினைவூட்டுவது? அன்றாட வாழ்வை ஒழுங்குபடுத்த உதவும் கைபேசிப் பட்டியல்கள்

புது தில்லி: பணியில் இருக்கும் வரை ஒருவருடைய முக்கியத் தேதிகளை அலுவலகமே நினைவில் வைத்திருக்கும். வருமான வரிப் பிடித்தம், வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீடு, மருத்துவப் பரிசோதனை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவும் ஒரு சுற்றறிக்கையும் இருக்கும். ஓய்வு பெற்ற மறுநாளே இந்தப் பொறுப்பு முழுவதும் ஒரே ஒருவரின் நினைவாற்றலின் மீது வந்து இறங்குகிறது. நேரம் ஏராளமாகக் கிடைக்கும் அதே காலத்தில், தேதிகள் தவறிப்போகும் வாய்ப்பும் அதிகமாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை 10 கோடிக்கும் மேல். 2050ஆம் ஆண்டளவில் நாட்டின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் இந்த வயதுப் பிரிவில் இருப்பார் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கணிக்கிறது. பிள்ளைகள் வேறு நகரங்களிலோ வெளிநாடுகளிலோ வசிக்க, கணவனும் மனைவியும் மட்டும் தனித்து வாழும் வீடுகள் இன்று பல. இத்தகைய வீடுகளில் கைபேசியில் உள்ள எளிய பட்டியல்களும் நினைவூட்டல்களும் என்ன செய்ய முடியும், எங்கே அவை போதாமல் போகின்றன என்பதைப் பார்க்கலாம்.

மறதியின் விலை

தேதி தவறுவதால் ஏற்படும் இழப்பு பல நேரங்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வங்கியில் வைத்திருக்கும் நிரந்தர வைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதிர்வு நாளுக்குப் பிறகு புதுப்பிக்கப்படாமலும் எடுக்கப்படாமலும் கிடக்கும் தொகைக்கு, சேமிப்புக் கணக்கின் வட்டி விகிதம் அல்லது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வைப்பு வட்டி விகிதம், இவற்றில் எது குறைவோ அதுவே வழங்கப்படும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் விதி வகுத்தது. தானாகப் புதுப்பிக்கும் வசதியைத் தேர்வு செய்யாதவர் ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால், அந்த ஆறு மாத வட்டியில் பெரும்பகுதியை அவர் அறியாமலேயே இழந்துவிடுவார்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் இதே நிலைதான். இத்திட்டத்தின் வட்டி காலாண்டுக்கு ஒரு முறை வழங்கப்படுகிறது. அதை எடுக்காமல் விட்டுவைத்தால், அந்த வட்டியின் மீது கூடுதல் வட்டி ஏதும் சேராது. திட்டத்தின் காலம் 5 ஆண்டுகள். அது முடிந்ததும் நீட்டிப்பதா, தொகையைத் திரும்பப் பெறுவதா என்ற முடிவைக் கணக்கு வைத்திருப்பவர்தான் எடுக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் விலை இன்னும் கூடுதல். ஆண்டுக்கு ஒரு முறை பிரீமியம் செலுத்தும் பாலிசிகளுக்குப் பொதுவாக 30 நாள் கூடுதல் அவகாசம் உண்டு. ஆனால் பாலிசி முடிந்த நாளுக்கும் பணம் செலுத்திய நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அந்தச் செலவுக்குக் காப்பீடு கிடைக்காது. அவகாசமும் கடந்துவிட்டால் பாலிசியே காலாவதியாகும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை ஆண்டுக் கணக்கில் கடந்து வந்தவர், புதிய பாலிசியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை உருவாகும்.

நினைவாற்றல் குறித்து ஆய்வுகள் சொல்வது

கடந்த காலத்தை நினைவுகூர்வது ஒரு வகை நினைவாற்றல். செய்ய வேண்டிய ஒன்றை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது மற்றொரு வகை. உளவியலாளர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்கின்றனர். பள்ளிக்கால நிகழ்வுகளைத் துல்லியமாகச் சொல்லும் ஒருவர், மாலை 4 மணிக்கு மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க மறந்துவிடுவது இதனால்தான். இதை மூளைச் சோர்வின் அறிகுறி என்று உடனே அஞ்ச வேண்டியதில்லை.

இத்துறையில் ஒரு முரண் நீண்ட காலமாகப் பேசப்பட்டு வருகிறது. ஆய்வகத்தில் நடத்தப்படும் சோதனைகளில் இளைஞர்களைவிட முதியவர்கள் பின்தங்குகின்றனர். அதே வேலையை வீட்டிலிருந்து, தங்களுடைய வழக்கமான சூழலில் செய்யச் சொன்னால், முதியவர்கள் பல ஆய்வுகளில் இளைஞர்களுக்கு இணையாகவோ அவர்களைவிடச் சிறப்பாகவோ செய்கின்றனர். ஒழுங்கான தினசரி வழக்கங்களும், நாட்காட்டி, குறிப்பேடு போன்ற துணைகளைத் தயங்காமல் பயன்படுத்தும் பழக்கமும் இதற்கான விளக்கங்களில் அடங்கும். எழுதி வைப்பது நினைவாற்றல் குறைந்துவிட்டதன் அடையாளம் என்று கருதி அதைத் தவிர்ப்பவர்கள், தங்களுக்குள்ள நல்ல துணையைத் தாங்களே விலக்கி வைக்கின்றனர்.

மூன்று கருவிகள், மூன்று வேலைகள்

கைபேசியில் நினைவூட்டல்களைப் பயன்படுத்தத் தொடங்குவோர் பலரும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திணித்துவிடுவர். சில வாரங்களில் அறிவிப்புகள் குவிந்து, எதையும் பார்க்காமல் விரலால் தள்ளிவிடும் நிலை வரும். கைபேசியில் ஏற்கெனவே உள்ள மூன்று வசதிகளுக்கு மூன்று வெவ்வேறு வேலைகளைப் பிரித்துக் கொடுத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

முதலாவது, கடிகாரத்தில் உள்ள அலாரம். நேரம் தவறக் கூடாத வேலைகள் மட்டுமே இதற்கு உரியவை. மாத்திரை, இன்சுலின், கண் சொட்டு மருந்து ஆகியவை இதில் அடங்கும். கைபேசி அழைப்பு ஒலியை நிறுத்தி வைத்திருந்தாலும் அலாரம் வழக்கமாக ஒலிக்கும். ஆனால் கைபேசியை முழுவதுமாக அணைத்துவிட்டால் ஒலிக்காது.

இரண்டாவது, நாட்காட்டிச் செயலி. குறிப்பிட்ட தேதியில் வருபவை அனைத்தும் இதில் சேரும். ஒரு முறை பதிவு செய்துவிட்டு, ஆண்டுதோறும் அல்லது மாதந்தோறும் மீண்டும் வருமாறு அமைத்துக்கொள்ளலாம். ஒரே நிகழ்வுக்கு நான்கு வாரங்களுக்கு முன், ஒரு வாரத்துக்கு முன், அதே நாள் காலை என ஒன்றுக்கும் மேற்பட்ட நினைவூட்டல்களைக் கூகுள் நாட்காட்டியில் வைக்க முடியும். மின்னஞ்சல் கணக்குடன் இணைந்திருப்பதால், கைபேசி தொலைந்தாலும் மாற்றினாலும் பதிவுகள் மறைந்துவிடாது.

மூன்றாவது, குறிப்புச் செயலியில் உள்ள பட்டியல். மளிகை, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை போன்ற, தேதியில்லாத வேலைகளுக்கு இதுவே பொருத்தம். கூகுள் கீப், ஐபோனின் ரிமைண்டர்ஸ் போன்றவற்றில் ஒரே பட்டியலை இருவர் பகிர்ந்துகொண்டு, முடிந்தவற்றில் டிக் செய்யலாம். விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கியை அழுத்தித் தாய்மொழியிலேயே பேசினால் எழுத்தாக மாறும் வசதி இருப்பதால், தட்டச்சு பழகாதவர்களும் பட்டியல் எழுத முடியும்.

ஆண்டின் தேதிகள்

மாத்திரைகளும் மளிகையும் அன்றாடம் கவனத்துக்கு வருபவை. ஆண்டுக்கு ஒரே முறை வந்து போகும் தேதிகள்தாம் எளிதில் தவறுகின்றன. இந்திய ஓய்வூதியர் ஒருவரின் நாட்காட்டியில் இடம்பெற வேண்டியவற்றை நிதியாண்டின் வரிசையில் பார்க்கலாம்.

ஏப்ரல்: வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள், வைப்பு வட்டியில் வரிப் பிடித்தம் செய்ய வேண்டாம் எனக் கோரும் உறுதிமொழிப் படிவத்தை வங்கியிடம் அளிக்க வேண்டிய மாதம். 15எச் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்ட இப்படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டிலும் புதிதாக அளிக்க வேண்டும். வைப்பு வைத்துள்ள ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியே அளிக்க வேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதிக்கொள்வது நல்லது.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் காலாண்டு வட்டி வரவு வைக்கப்படும் மாதங்கள். வட்டி கணக்கில் சேர்ந்ததா என்று பார்க்க இரண்டு நிமிடங்கள் போதும்.

ஜூலை: ஓய்வூதியமும் வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ள தனிநபர்கள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஜூலை 31 பொதுவான கடைசி நாள். சில ஆண்டுகளில் அரசு இதை நீட்டித்திருந்தாலும், நீட்டிப்பை எதிர்பார்த்துத் திட்டமிடுவது சரியல்ல. நாட்காட்டியில் ஜூலை 31ஐக் குறிப்பதைவிட, ஆவணங்களைத் திரட்டத் தொடங்கும் நாளாக ஜூன் இறுதியைக் குறிப்பதே பயன் தரும்.

அக்டோபர், நவம்பர்: ஆயுள் சான்றிதழ் அளிக்கும் காலம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் இதை அளிக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். அளிக்கத் தவறினால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். பின்னர் சான்றிதழ் அளித்ததும் நிலுவையுடன் மீண்டும் வழங்கப்படும் என்றாலும், மாதச் செலவுக்கு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு மாத இடைவெளியும் பெரிது.

ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் கீழ் ஓய்வூதியம் பெறுவோருக்கு விதி வேறு. அவர்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் சான்றிதழ் அளிக்கலாம். அளித்த நாளிலிருந்து 12 மாதங்கள் அது செல்லும். அனைவரும் நவம்பர் பற்றியே பேசுவதால், மார்ச் மாதத்தில் சான்றிதழ் அளித்த ஒருவர் அடுத்த மார்ச்சை மறந்துவிடும் வாய்ப்பு உண்டு. அளித்த அன்றே அடுத்த ஆண்டுக்கான நினைவூட்டலைப் பதிவு செய்வதே இதற்கு வழி.

2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் மின்னணு ஆயுள் சான்றிதழ், வங்கிக்கு நேரில் செல்லும் தேவையைக் குறைத்தது. 2021 முதல் கைபேசி கேமரா வழியே முக அடையாளத்தைக் கொண்டும் சான்றிதழ் பெறலாம். விரல் ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு இது பெரும் உதவி. இதைக் கைபேசியில் செய்ய இயலாதவர்களுக்கு, இந்திய அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியின் மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து கட்டணத்துக்குச் செய்து தரும் சேவையும் உள்ளது. விண்ணப்பம் சில நேரங்களில் நிராகரிக்கப்படுவதும் உண்டு என்பதால், ஒரு வாரம் கழித்து அது ஏற்கப்பட்டதா என்று பார்ப்பதற்கும் தனியே ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுடன் மருத்துவக் காப்பீடு, வாகனக் காப்பீடு, சொத்து வரி, வைப்புகளின் முதிர்வு, வங்கி லாக்கர் வாடகை ஆகியவற்றின் தேதிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறுபடும். கையில் உள்ள ரசீதுகளையும் பாலிசிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாள் பிற்பகல் அமர்ந்தால் முழு ஆண்டுக்கான பதிவையும் முடித்துவிடலாம்.

மருந்துக்குத் தனிக் கவனம்

மருந்து நினைவூட்டலில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. அலாரம் ஒலிக்கிறது, அதை நிறுத்திவிட்டு, சமையலறையில் அடுப்பைப் பார்த்து வருவதற்குள் மாத்திரை போட்டோமா இல்லையா என்ற ஐயம் எழுகிறது. ஐயத்தின் பேரில் மீண்டும் ஒன்றைப் போட்டுக்கொள்வது, குறிப்பாகச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றில், கேடு விளைவிக்கும்.

எனவே அலாரம் தொடங்கி வைக்கும் வேலையை மட்டுமே செய்யட்டும். போட்டாயிற்று என்பதற்கான சான்று வேறிடத்தில் இருக்க வேண்டும். கிழமை வாரியாக அறைகள் பிரிக்கப்பட்ட மாத்திரைப் பெட்டி இதற்கு எளிய தீர்வு. அறை காலியாக இருந்தால் மாத்திரை போட்டாயிற்று என்று பொருள். விழுங்கிய பின்னரே அலாரத்தை நிறுத்துவது என்ற பழக்கமும் உதவும். மாத்திரை தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்னதாக, மருந்துக் கடைக்குச் செல்ல நினைவூட்டும் பதிவும் நாட்காட்டியில் இருக்கலாம்.

எப்படி எழுதுவது?

பட்டியல் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் அதன் வாசகமே காரணமாகிறது. ‘காப்பீடு’ என்ற ஒற்றைச் சொல்லை நாட்காட்டியில் எழுதினால், அந்த நாள் வரும்போது என்ன செய்வது, எந்தப் பாலிசி, எங்கே பணம் கட்டுவது என்பதை மீண்டும் தேட வேண்டும். தேடுவதற்குச் சோம்பி, நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். ‘மருத்துவக் காப்பீடு புதுப்பித்தல், காலைச் சிற்றுண்டிக்குப் பின், பாலிசி மர அலமாரியில் நீல உறையில், கடந்த ஆண்டு வங்கிச் செயலி வழியே கட்டியது’ என்று எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

ஒரு வேலையை எப்போது, எங்கே, எதைத் தொடர்ந்து செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது உளவியல் ஆய்வுகளில் பலமுறை கண்டறியப்பட்ட ஒன்று. காலைக் காபி, மாலை விளக்கேற்றுதல், இரவுச் செய்தி என வீட்டில் ஏற்கெனவே நிலைபெற்றுள்ள வழக்கங்களுடன் புதிய வேலையைப் பிணைத்தால் அது எளிதில் நிலைக்கும்.

மற்றவருக்கும் புரியும் பட்டியல்

இவ்வளவு ஏற்பாடுகளும் ஒருவரின் கைபேசிக்குள், ஒருவரின் விரல் ரேகைக்குப் பின்னால் மட்டும் இருந்தால் பயன் பாதியே. போபாலில் வசிக்கும் ஒரு தம்பதியரை எடுத்துக்கொள்வோம் என்றால், வங்கி, வரி, காப்பீடு ஆகியவற்றைக் கணவர் கவனிக்கிறார்; மருந்து, மளிகை, உறவினர் வீட்டு விசேஷங்கள் ஆகியவற்றை மனைவி கவனிக்கிறார். பல இந்தியக் குடும்பங்களில் காணப்படும் வேலைப் பகிர்வு இது. கணவர் திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், எந்த வங்கியில் எவ்வளவு வைப்பு, எந்தப் பாலிசி எப்போது முடிகிறது என்பது மனைவிக்குத் தெரியாது. மனைவி படுத்துவிட்டால், தான் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளின் பெயரே கணவருக்குத் தெரியாது.

இந்த அறியாமையின் விளைவு நாட்டின் வங்கிக் கணக்குகளிலேயே தெரிகிறது. 10 ஆண்டுகளாக யாரும் உரிமை கோராத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் கீழ் உள்ள வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டறிவதற்கென்றே உத்கம் என்ற இணையதளத்தை 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்க வேண்டியிருந்தது. பணம் போட்டவர் மறைந்த பின், அப்படியொரு கணக்கு இருந்ததே குடும்பத்துக்குத் தெரியாமல் போவதும் இத்தகைய வைப்புகள் சேர்வதற்கு ஒரு காரணம்.

கூகுள் நாட்காட்டியைக் கணவன், மனைவி, மகன் அல்லது மகள் ஆகியோருடன் பகிர்ந்துகொள்ள முடியும். ஆனால் நாட்காட்டியைப் பகிர்ந்த மாத்திரத்தில் மற்றவர் கைபேசியிலும் அதே நினைவூட்டல் ஒலிக்கும் என்று கருதக் கூடாது. அறிவிப்புகளை ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியில் தனியே அமைத்துக்கொள்ள வேண்டும். குறிப்புச் செயலியில் ‘வீட்டு விவரம்’ என்ற பட்டியலில் வங்கிகளின் பெயர், கிளை, வாரிசு நியமனம் செய்யப்பட்டுள்ளதா என்ற விவரம், பாலிசி ஆவணம் உள்ள இடம், ஓய்வூதிய ஆணை வைக்கப்பட்டுள்ள இடம், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை இருக்கலாம். ஓய்வூதியர் மறைந்தால் குடும்ப ஓய்வூதியம் கோரும்போது முதலில் தேடப்படும் ஆவணங்களில் ஓய்வூதிய ஆணையும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

எழுதக் கூடாதவை

பட்டியலில் ஒருபோதும் இடம்பெறக் கூடாதவையும் உண்டு. ஏ.டி.எம். ரகசிய எண், யு.பி.ஐ. பின், இணைய வங்கியின் கடவுச்சொல் ஆகியவற்றைக் குறிப்புச் செயலியில் எழுதி வைப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். ஆவணம் எங்கே உள்ளது என்று எழுதலாம். திறவுகோலை எழுதக் கூடாது.

ஆயுள் சான்றிதழைப் புதுப்பித்துத் தருவதாகவோ, கே.ஒய்.சி. விவரம் காலாவதியானதாகவோ கூறி வரும் அழைப்புகளும் இணைப்புகளும் ஓய்வூதியர்களைக் குறிவைக்கின்றன. ஓ.டி.பி.யைக் கேட்டு எந்த ஓய்வூதிய அலுவலகமும் தொலைபேசியில் அழைப்பதில்லை. இங்கும் பட்டியல் ஒரு பாதுகாப்பாக அமைகிறது. ஆயுள் சான்றிதழை நவம்பர் முதல் வாரத்தில் அளித்து முடித்ததாகத் தன் நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பவரை, டிசம்பரில் வரும் ஒரு மிரட்டல் அழைப்பு எளிதில் பதற வைக்க முடியாது. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930, முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 ஆகிய இரண்டும் தொடர்பு எண்களில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

தொடங்குவது எப்படி?

நாற்பது நினைவூட்டல்களுடன் ஒரே நாளில் தொடங்குபவர் ஒரு மாதத்தில் கைவிட்டுவிடக்கூடும். முதல் வாரத்தில் மருந்துக்கான அலாரங்கள் மட்டும் போதும். இரண்டாவது வாரத்தில் ஆயுள் சான்றிதழ், காப்பீடு, வைப்பு முதிர்வு ஆகிய மூன்று தேதிகளைச் சேர்க்கலாம். மூன்றாவது வாரத்தில் வீட்டு விவரப் பட்டியலை இருவரும் சேர்ந்து எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் ஒதுக்கி, வரும் வாரத்தின் பதிவுகளை இருவரும் ஒன்றாகப் பார்ப்பதை வழக்கமாக்கினால், பட்டியல் உயிரோடு இருக்கும்.

கைபேசி பழுதாகும் நாளும் வரும். எனவே ஆண்டுத் தேதிகளையும் வீட்டு விவரத்தையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்பது பழைய முறைதான் என்றாலும் கைவிட வேண்டியதில்லை.

ஏற்பாடு சரியாக அமைந்துள்ளதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பட்டியலை எழுதியவர் ஒரு வாரம் வெளியூர் சென்றிருக்கும்போது, வீட்டில் இருப்பவர் அதைப் பார்த்து, யாரையும் கேட்காமல், அந்த வாரத்து வேலைகளை முடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால், அந்த வீட்டின் தேதிகள் ஒருவருடைய நினைவை மட்டும் நம்பி இல்லை என்று பொருள்.